டான், சான், சென் மூன்றும் ஒரே குடும்பப் பெயரா?

நடைபாதை (கேள்வி)

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. எங்கள் பிரிவில் ஒருவர் டான், ஒருவர் சான், பெய்ஜிங்கிலிருந்து வந்தவர் சென். போன வாரம் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் "எங்கள் மூவருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான்" என்றார்கள். கிண்டல் என்று நினைத்து நான் சிரித்துவைக்க, டான் ரசீதின் பின்பக்கத்தில் ஒரே ஒரு எழுத்தை எழுதிக் காட்டினார், மற்ற இருவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஓர் எழுத்துக்கு எப்படி மூன்று உச்சரிப்பு? இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. மலாக்கா போயிருந்தபோது ஒரு பழைய வீட்டு வாசல் பலகையைக் காட்டி "இது டான் வீடு" என்றார் அதே நண்பர். ஆனால் பலகையில் இருந்தவை வேறு இரண்டு எழுத்துகள், அவர் எழுதிக் காட்டியது அங்கே இல்லவே இல்லை. அது என்ன கணக்கு?

அச்சுக்கோப்பு

கிண்டல் இல்லை, உண்மைதான். சீன எழுத்து நம்முடையதைப் போல ஒலியைக் கூட்டிக் காட்டுவதில்லை, ஒரே எழுத்தை ஒவ்வொரு வட்டாரமும் தன் வாயால் படிக்கும். மாண்டரினில் சென், கேன்டனீஸில் சான், ஹொக்கியென், தியோச்சியூ என்ற தென்சீன வட்டார மொழிகள் இரண்டிலும் டான். ஆங்கிலேயர் கால குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார், அதுவே பரம்பரைக்கும் நின்றுவிட்டது. சிங்கப்பூர்ச் சீனர்களில் ஹொக்கியென், தியோச்சியூக்காரர்கள் அதிகம் என்பதால் அங்கே மிகப் பரவலான சீனக் குடும்பப் பெயரே டான்தான். அந்தக் காலக் கொடைவள்ளல்கள் டான் டோக் செங், டான் கா கீ எல்லாம் இந்த எழுத்துதான். டான் கா கீயை சீனாவில் சென் ஜியாகெங் என்பார்கள்.

வியட்நாமில் இதே எழுத்து த்ரான். 1225 முதல் 1400 வரை ஆண்டு, மங்கோலியப் படையை மூன்று முறை விரட்டியது அந்தப் பெயர் கொண்ட அரச வம்சம். இந்தோனேசியாவில் 1966க்குப் பிறகு சீனர்கள் உள்ளூர்ப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டிய நெருக்கடி வந்தபோது டான் சிலர் டானோட்டோ ஆனார்கள்.

ஒரு எச்சரிக்கை: டான் என்று எழுதுகிற எல்லாரும் இந்த டான் இல்லை. மாண்டரினிலேயே டான் என்று ஒலிக்கும் வேறொரு குடும்பப் பெயர் உண்டு, கேன்டனீஸில் அது டாம். "எந்த எழுத்து?" என்று கேட்டுவிடுவது நல்லது. சென்காரர்கள் "காது, கிழக்கு, சென்" என்பார்கள், எழுத்தின் இடப்பக்கம் காது மாதிரி, வலப்பக்கம் கிழக்கு. (அந்தக் "காது" உண்மையில் மேட்டு நிலத்தைக் குறிக்கும் உறுப்பு. ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை.)

வேர்ச்சொல்

மேலே உள்ள பதில் சரி, ஆனால் ருசியான பகுதி விட்டுப்போயிற்று. டான் என்பது சென்னின் கொச்சை வடிவம் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மை நேர் எதிர். பழங்காலச் சீனத்தில் இந்தச் சொல் ட/த ஒலியில்தான் தொடங்கியது. வடக்கே அது பின்னாளில் ச ஆனது. ஹொக்கியென் சேர்ந்த மின் என்ற மொழிக் கிளை அதற்கு முன்பே பிரிந்துவிட்டதால் பழைய ஒலி அங்கே தங்கிவிட்டது.

ஆதாரம் உங்கள் கோப்பையிலேயே இருக்கிறது. தேயிலையைக் குறிக்கும் சீன எழுத்தும் அந்தக் காலத்தில் இதே ஒலியில் தொடங்கியதுதான். மாண்டரினில் அது ச்சா, ஹொக்கியெனில் தே. சென்–டான், ச்சா–தே, இரண்டும் ஒரே கதை. நாம் தேயிலை, தேநீர் என்பதும் கோப்பிக்கடையில் "தே ஓ" கேட்பதும் ஹொக்கியென் பக்கத்துச் சொல், சாயா மற்ற பக்கத்துச் சொல்.

இப்போது பிறப்பிடம். ஷாங் வம்சத்தைக் கவிழ்த்த ஜோ மன்னர் வூ, பழம்பெரும் அரசர் ஷுன்னின் வழித்தோன்றல் என்று ஒருவரைத் தேடிப் பிடித்து, மகளையும் கட்டிக்கொடுத்து, சென் என்ற சிறு நாட்டையும் கொடுத்தார். இன்றைய ஹெனான் மாகாணத்தின் ஹுவாய்யாங் பகுதி அது. நாட்டின் பெயரே பிறகு குடும்பப் பெயர். கி.மு. 672இல் அந்த அரச குடும்பத்துச் சென் வான் என்பவர் உயிருக்குப் பயந்து சீ நாட்டுக்கு ஓடினார். அங்கே அவர் வாரிசுகள் தியென் என்று அழைக்கப்பட்டார்கள். சென், தியென் இரண்டும் அன்று ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலித்தன என்று 18ஆம் நூற்றாண்டு அறிஞர் ச்சியென் தாஷின் இதை வைத்தே காட்டினார். அடைக்கலம் தேடி வந்த அந்தக் குடும்பம் கி.மு. 386இல் சீ நாட்டையே தன் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டது, ஜோ மன்னரின் ஒப்புதலோடு!

நடைபாதை

தே விஷயம் அபாரம். அப்படியானால் எல்லா டான், சான், சென்னும் அந்த ஒரே அரசரின் வாரிசுகளா?

சந்தேகப்பேர்வழி

வம்சாவளிப் புத்தகத்தைக் கேட்டால் ஆமாம் என்னும். எனக்கு நம்பிக்கை இல்லை. சீனாவில் வாங், லி, ஜாங், லியூவுக்கு அடுத்த ஐந்தாவது பெரிய குடும்பப் பெயர் இது, இத்தனை கோடிப் பேரும் ஒரே வயிற்றில் கிளைத்திருக்க முடியாது. பழங்காலத்தில் இந்த மாதிரிப் பெயரெல்லாம் பிரபுக்களின் சொத்து, சாதாரண மக்களுக்குப் பிறகுதான் கிடைத்தது. கி.பி. 496இல் வடக்கு வெய் பேரரசர் தன் ஷியான்பெய் இனத்தார் சீனப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டபோது ஹோமோசென் என்ற குடும்பம் முன்பாதியை வெட்டிவிட்டுச் சென் ஆனது. அவர்களுக்கும் ஷுன் அரசருக்கும் என்ன சம்பந்தம்?

இவ்வளவு ஏன், ஜாக்கி சானையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்திலேயே பிரபலமான சான் அவர்தான், ஆனால் அவர் குடும்பத்தின் உண்மைப் பெயர் ஃபாங். அப்பா பெயரை மாற்றிக்கொண்டதால் மகன் சான் ஆனார்.

மூன்றாம்தலைமுறை

வாசல் பலகையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது அநேகமாக யிங்சுவான், இரண்டு எழுத்து. குடும்பப் பெயருக்குப் பதில் அந்தக் குலம் புகழ்பெற்ற ஊரின் பெயரை வாசலில் வைப்பது வழக்கம். யிங்சுவான் என்றால் சென், பார்த்ததும் தெரிந்துவிடும். பினாங்கு டான் கொங்சியின் (குலச் சங்கத்தின்) பெயரிலும் இதே ஊர் இருக்கிறது, ஹொக்கியென் உச்சரிப்பில் எங் சுவான்.

அந்த ஊருக்குப் பெருமை தேடித்தந்தவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டு அதிகாரி சென் ஷி. ஒரு ராத்திரி அவர் வீட்டு உத்தரத்தில் திருடன் ஒளிந்திருந்தான். பார்த்துவிட்டார், கத்தவில்லை. பிள்ளைகளையும் பேரன்களையும் எழுப்பி உட்காரவைத்து, "கெட்டவன் எவனும் பிறக்கும்போதே கெட்டவன் இல்லை, பழக்கம்தான் அப்படி ஆக்கிவிடுகிறது, அதோ உத்தரத்தின்மேல் இருக்கிற கனவான் மாதிரி" என்று பாடம் நடத்தினார். திருடன் இறங்கிவந்து காலில் விழ, வறுமையால்தான் வந்திருப்பான் என்று இரண்டு பட்டுச் சுருள் கொடுத்து அனுப்பினார். இன்றும் சீனத்தில் திருடனுக்கு "உத்தரத்துக் கனவான்" என்று பெயர்.

நடைபாதை

டானிடம் கேட்டேன், பலகை யிங்சுவான்தானாம். ஆனால் திருடன் கதை அவருக்குத் தெரியவில்லை, பெய்ஜிங்காரர்தான் முழுசாகச் சொன்னார். சானிடமும் எழுத்தைத் திரும்ப எழுதச் சொல்லிச் சரிபார்த்துவிட்டேன். காது, கிழக்கு, சரியாக இருக்கிறது.