25 ஆயிரம் பட்ஜெட், பத்துக்குப் பத்து ஹால்: ஹெட்போனா ஸ்பீக்கரா?

ஹார்பர்லைன்:
வணக்கம் மக்களே, மும்பை செம்பூர் திலக் நகர்ல ஒன் பிஹெச்கே, வாடகை வீடு. ஹால் பத்துக்குப் பத்துதான், அதுலயே டிவி, என் டெஸ்க், அம்மா படுக்கிற திவான் எல்லாம். பாட்டு கேக்கிறது முழுக்க லேப்டாப்லதான், பாதி கர்நாடக சங்கீதம் பாதி எண்பதுகள் தொண்ணூறுகள் சினிமா பாட்டு. கையில 25 ஆயிரம் இருக்கு. ஆபீஸ்ல ஒருத்தன் சொல்றான் இந்தக் காசுக்கு ஹெட்போன் வாங்கினா லட்ச ரூபா ஸ்பீக்கர் சவுண்ட் கிடைக்கும்னு, இன்னொருத்தன் ஹெட்போன்ல கேக்கிறதெல்லாம் பாட்டே இல்ல, ஸ்பீக்கர்தான்ங்கிறான். ரெண்டு பேரும் இவ்ளோ அடிச்சு சொல்றதால எனக்கு ரெண்டு மேலயும் சந்தேகம் வந்துடுச்சு. ஒரே காசுக்கு எதுல சவுண்ட் நல்லா இருக்கும், எதுல காசு வீணாகாது? புளூடூத் வேணாம், வயர் இருந்தா பரவால்ல.

பழைய_ஆம்ப்:
தம்பி, முதல் ஆள் சொன்னதுல விஷயம் இருக்கு, ஆனா அந்த லட்ச ரூபா கணக்கை விட்டுடு, அதெல்லாம் விக்கிறவன் பேச்சு.

ஹெட்போன்ல ஏன் கம்மி காசுக்கு நல்ல சவுண்ட் வருதுன்னா, அது அசைக்க வேண்டிய காத்து உன் காதுக்கும் அந்த கப்புக்கும் நடுவுல இருக்கிற கொஞ்சூண்டு காத்துதான். ஒரு 40 மில்லிமீட்டர் டயஃப்ரம் (அதிர்ற சவ்வு) போதும், கீழ 20, 30 ஹெர்ட்ஸ் வரைக்கும், அதாவது காதுக்குக் கேக்கிற அடி பேஸ் வரைக்கும் இறங்கும். கரண்டும் மில்லிவாட் கணக்குலதான் தின்னும். ஸ்பீக்கர் அப்படி இல்ல, ரூம் முழுக்க காத்தை ஆட்டணும். அதுல ஒரு ஆக்டேவ் கீழ, அதாவது பாதி ஹெர்ட்ஸுக்குப் போகணும்னா, அதே சத்தத்துக்கு கோன் (முன்னாடி அதிர்ற கூம்பு) நாலு மடங்கு காத்தைத் தள்ளணும். 80 ஹெர்ட்ஸை சுலபமா வாசிக்கிற நாலு இஞ்ச் வூஃபர் (பேஸ் வாசிக்கிற பெரிய கோன்) 40 ஹெர்ட்ஸ்ல திணர்றது அதனாலதான். கேஎல்ஹெச்ங்கிற அமெரிக்க ஸ்பீக்கர் கம்பெனியில இருந்த ஹாஃப்மன்னு ஒருத்தர் பேர்ல இதுக்கு ஒரு விதியே இருக்கு: சின்ன பெட்டி, ஆழமான பேஸ், கம்மி பவர்ல நிறைய சத்தம், இந்த மூணுல ரெண்டுதான் எடுத்துக்க முடியும். எந்த பிராண்டா இருந்தாலும் இதுல இருந்து தப்பிக்க முடியாது.

அதுவும் இல்லாம ஸ்பீக்கர்னா ரெண்டு மரப்பெட்டி, நாலு டிரைவர் (சத்தம் வர்ற வட்டம்), பேஸையும் மேல் ஸ்தாயியையும் பிரிச்சு அனுப்புற கிராஸ்ஓவர், ஆம்ப்ளிஃபயர்னு உன் 25 ஆயிரம் அங்கங்க பிரிஞ்சு போயிடும். ஹெட்போன்ல பிரிய இடமே இல்ல.

ஆனா விலை ஏற ஏற ஹெட்போன் நல்லா ஆகிட்டே போகும்னும் நினைக்காத. 2017ல ஜெரோன் பிரேபார்ட்னு ஒருத்தர் 283 ஹெட்போனோட ஃப்ரீக்வன்ஸி ரெஸ்பான்ஸை, அதாவது பேஸ்ல இருந்து மேல் ஸ்தாயி வரைக்கும் எது எவ்வளவு சத்தமா வருதுங்கிறதை, எடுத்து வெச்சு விலையோட பொருத்திப் பார்த்தார், சம்பந்தமே இல்லைன்னுதான் வந்துச்சு. கட்டுமானம், சொகுசு, ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் அந்தக் கணக்குல வராது, ஆனா சவுண்டுக்காக மட்டும் 40 ஆயிரம் குடுக்கிறவன் இதை ஒரு தடவை படிச்சுட்டுக் குடுக்கலாம். சோனி எம்டிஆர் 7506 வந்தது 1991ல, சென்ஹைசர் ஹெச்டி 600 1997ல. ரெண்டும் இன்னைக்கும் விக்குது, ரெண்டுக்கும் இயர்பேட் தேய்ஞ்சா வாங்கி மாட்டிக்கலாம். எனக்கு வேல்யூன்னா அதுதான்.

மாட்டுங்கா_மாமி:
ஆம்ப் சார் சொல்றதெல்லாம் சரி, ஆனா கணக்குல ஒண்ணு விட்டுட்டார். ஹெட்போன் ஒரு ஆளுக்குத்தான். அம்மா அதே ஹால்ல இருக்காங்கன்னு அந்தப் புள்ள முதல்லயே சொல்லிடுச்சு, அப்போ பாட்டு அவங்களுக்கும்தானே? 25 ஆயிரத்தை ஒரு ஜோடி காதுக்குப் போடறதுக்கும் வீட்டுல இருக்கிற அத்தனை காதுக்கும் போடறதுக்கும் வித்தியாசம் இல்லையா. அதோட ஹெட்போனை மாட்டிண்டு உக்காந்தா காலிங் பெல்லும் கேக்காது குக்கர் விசிலும் கேக்காது, அம்மா கூப்பிட்டாலும் கேக்காது (என் பையன் விஷயத்துல கேக்காததே சௌகரியம்னு வெச்சிண்டிருக்கான், அது வேற).

இன்னொண்ணு கச்சேரி. சண்முகானந்தாவிலயோ செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ்லயோ உக்காந்து கேட்டவாளுக்குத் தெரியும், பாடறவர் எதிர்ல இருக்கார், மிருதங்கம் ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம். ஹெட்போன்ல எல்லாரும் மண்டைக்குள்ள வந்து உக்காந்துடறா. பாடகர் நெத்திக்கு நடுவுல, வயலின் இடது காதுக்குள்ள. கொஞ்ச நேரத்துக்கு மேல எனக்கு அது அலுத்துப் போயிடறது. மிருதங்கத்தோட பேஸ் பக்கம் தொப்பியில கும்கி, அந்த கும்முனு வர்ற அடி, விழும்போது மார்ல லேசா ஒரு அதிர்வு வருமே, அதை எந்த ஹெட்போன் தரும்?

ஹார்பர்லைன்:
மாமி சொன்னது குத்துது, அம்மாவுக்கும் காலைல பக்திப் பாட்டு வேணும், இப்போ மொபைலை டம்ளருக்குள்ள வெச்சுக் கேக்கிறாங்க 😅 ஆனா நான் உக்காந்து கேக்கிற நேரம் ராத்திரி பத்து பதினொண்ணுக்கு மேலதான், சுவர் ரெண்டு பக்கமும் பொது சுவர், பக்கத்து வீட்டுல கைக்குழந்தை வேற. அந்த மண்டைக்குள்ள உக்கார்ற மேட்டர் நானும் கவனிச்சிருக்கேன், ஏன் அப்படி?

பழைய_ஆம்ப்:
ஸ்பீக்கர்ல கேக்கும்போது இடது ஸ்பீக்கர் சத்தம் வலது காதுக்கும் போகும், ஒரு மில்லிசெகண்டுக்கும் கம்மியான நேரம் லேட்டா, கொஞ்சம் மழுங்கி. மூளை இந்த வித்தியாசத்தை வெச்சுத்தான் எதிர்ல எங்கேயோ ஒரு ஆள் நிக்கிறார்னு முடிவு பண்ணுது. ஹெட்போன்ல இடது சேனல் இடது காதுக்கு மட்டும்தான். எதிர்ல ஒண்ணுமே இல்லைன்னு மூளைக்குத் தெரிஞ்சுடுது. பழைய ஸ்டீரியோ சினிமா பாட்டுல இது இன்னும் மோசம், கிட்டார் ஒரு காதுல மட்டும், தபேலா இன்னொரு காதுல மட்டும்னு பிரிச்சு வெச்சிருப்பாங்க, ஸ்பீக்கர்ல அது அகலமா அழகா இருக்கும், ஹெட்போன்ல உறுத்தும். இதுக்கு ஒரு காது சத்தத்தைக் கொஞ்சம் இன்னொரு காதுக்கும் கலந்து விடற கிராஸ்ஃபீட்னு ஒரு வைத்தியம் 1961லயே பாவர்னு ஒருத்தர் எழுதி வெச்சார், இப்போ இலவச பிளகின்னாவே கிடைக்குது, போட்டா உறுத்தல் குறையும். ஆனா எதிர்ல மேடை வந்துடாது, மாமி சொல்ற இடத்துல மாமிதான் கரெக்ட்.

ஆனா மாமி, அந்த கும்கி இந்தத் தம்பியோட ஹால்ல வராது. பத்துக்குப் பத்துங்கிறதுதான் வில்லன். பத்தடின்னா சுமார் 3.05 மீட்டர். ஒலி செகண்டுக்கு 343 மீட்டர் போகுது, அதை ரூம் நீளத்தோட ரெட்டிப்பால வகுத்தா 56 ஹெர்ட்ஸ். அந்த ஸ்வரத்துல ரூம் தானா ஊதும். நீளம் வேற அகலம் வேறன்னா வேற வேற ஸ்வரத்துல பிரிஞ்சு போகும், சதுர ரூம்னா ரெண்டும் ஒரே இடத்துல வந்து விழும், சீலிங் ஒம்பதடின்னா அதுவும் 60ஐ ஒட்டி வந்து சேர்ந்துக்கும். நடு ஹால்ல உக்காந்தா 56 காணாமப் போகும், திவான்ல சுவர்ல சாஞ்சுட்டா மொத்தமா அங்கதான் குவியும். அம்மாவுக்கு ஒரு பாட்டு, உனக்கு ஒரு பாட்டு. முட்டை அட்டை, திரைச்சீலை, ஃபோம் ஷீட்டெல்லாம் மேல் ஸ்தாயியைத்தான் உறிஞ்சும், இதைத் தொடாது. ஸ்பீக்கர் வாங்குறவன் பாதிக் காசை அந்தப் பெட்டிக்குக் குடுக்கிறான், மீதிப் பாதியை ரூமுக்குக் குடுக்கணும், மும்பைல ரூமுக்குக் குடுக்கிற காசு நம்ம யார்கிட்டயும் இல்ல.

கோலிவாடா_பையன்:
ஆம்ப் அண்ணா ஹெச்டி 600னு சொல்லிட்டுப் போயிட்டார், ஒரு விஷயம் சொல்லல, அது ஓப்பன் பேக். உள்ள இருக்கிறது வெளிய கேக்கும் வெளிய இருக்கிறது உள்ள வரும். நம்ம ஊர்ல மே மாசம் ஃபேன் அஞ்சுல ஓடும், ஜன்னல் திறந்து கிடக்கும், கீழ ரிக்ஷாக்காரன் ஹாரன், இதுல தம்புரா எங்க கேக்கிறது, ஃபேன்தான் கேக்கும். அப்புறம் சத்தத்தை ஏத்துவோம், ஏத்திட்டே போவோம்.

அதனால என் கணக்கு வேற. நல்ல வயர்டு ஐஇஎம் (காதுக்குள்ள சொருகுற இயர்போன்) ஒண்ணு, மூன்டிராப் சூ மாதிரி ரெண்டாயிரத்தைச் சுத்தி விலை, காதுக்குள்ள ஒழுங்கா அடைச்சு உக்காந்தா ஃபேன் சத்தம் நல்லாவே குறைஞ்சிடும். டிப் (முனையில இருக்கிற ரப்பர்) சைஸ் மாத்திப் பாரு ப்ரோ, அதுலதான் எல்லாமே, டிப் லூஸா இருந்தா பேஸ் மொத்தமா ஓடிடும், அப்புறம் ஐஇஎம் சரியில்லன்னு ரிவ்யூ எழுதுவாங்க. லேப்டாப் ஜாக்ல இரைச்சல் வந்தா யூஎஸ்பில சொருகி இயர்போன் மாட்டுற டாங்கிள் ஒண்ணு, அவ்ளோதான்.

ஆனா ஒண்ணு, காது பத்திரம். உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 40 மணி நேரம்னா 80 டெசிபல், 90க்குப் போனா வாரம் மொத்தத்துக்கே 4 மணி நேரம்தான். ஸ்பீக்கர்ல அந்த அளவுக்கு வெச்சா யாராவது கதவைத் தட்டிடுவாங்க, ஐஇஎம்ல தட்ட ஆள் கிடையாது.

சொசைட்டி_செக்ரட்டரி:
கதவைத் தட்டுற கோஷ்டியில இருந்து வரேன் 🙏 2000ம் வருஷ ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55 டெசிபல், ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் 45. நம்ம ரோடு சும்மா இருக்கும்போதே அதைத் தாண்டிடும்ங்கிறது தனிக்கதை, ஆனா கம்ப்ளைன்ட்னு வந்தா ரோட்டை யாரும் கேக்க மாட்டாங்க, மூணாவது மாடி பேச்சலரைத்தான் கேப்பாங்க. சப்வூஃபர் மட்டும் வாங்கிடாதீங்க, சுவர் பேஸை நிறுத்தாது, பாட்டு கேக்காது ஆனா டும் டும் மட்டும் ரெண்டு மாடி தாண்டிப் போகும்.

மாட்டுங்கா_மாமி:
சப்வூஃபர் நானும் சொல்லலை. டெஸ்க்ல வெக்கிற, ஆம்ப் உள்ளயே இருக்கிற சின்ன ஆக்டிவ் ஸ்பீக்கர் இருக்கே, அதைச் சொல்றேன். ரெண்டடி மூணடி தூரத்துல கேட்டா ரூம் அவ்வளவா குறுக்க வராதுன்னு ஆம்ப் சாரே ஒரு தடவை இங்க எழுதியிருக்கார்.

பழைய_ஆம்ப்:
எழுதினேன், இப்பவும் அதேதான். தூரம் ரெட்டிப்பானா நேரடியா வர்ற சத்தம் 6 டெசிபல் குறையும், சுவர்ல மோதி வர்றது அந்த அளவுக்குக் குறையாது. அப்போ கிட்ட உக்காந்தா ஸ்பீக்கரோட சொந்தக் குரல் ஜெயிக்கும், சத்தமும் கம்மியா வெச்சா போதும், பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும். எடிஃபையர் எம்ஆர்4 மாதிரி நாலு இஞ்ச் ஜோடி உன் பட்ஜெட்ல பாதிகூட ஆகாது. ட்வீட்டர் (மேல் ஸ்தாயி வாசிக்கிற சின்ன டிரைவர்) காது உயரத்துக்கு வர்ற மாதிரி கீழ ரெண்டு தடி புஸ்தகம் வை, ரெண்டு ஸ்பீக்கரும் நீயும் சம பக்க முக்கோணமா இருக்கணும், மூலையில தள்ளாத. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழ பெருசா ஒண்ணும் வராது, அந்த 56 தொல்லையும் அதோட பாதி ஒழிஞ்சுது, சின்ன ரூம்ல சின்ன ஸ்பீக்கர் நல்லா இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு குறை இருக்கு. ரொம்ப கம்மி சத்தத்துல பாட்டு சோகையா கேக்கும், ஸ்பீக்கர் தப்பில்ல, காதே அப்படித்தான். சத்தம் குறையக் குறைய பேஸ் முதல்ல மறையும்னு பெல் லேப்ஸ்ல ஃப்ளெச்சர், மன்சன்னு ரெண்டு பேர் 1933லயே அளந்து போட்டுட்டாங்க. பின்னாடி பேஸ் குமிழை லேசா ஏத்திக்கோ, அதுல பாவம் ஒண்ணும் இல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு முழுசா கேக்கணும்னா ஹெட்போன்தான்.

சவுண்டுக்கு மட்டும் மார்க் போடச் சொன்னா இந்தக் காசுல ஹெட்போன்தான் ஜெயிக்கும், எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா உன் வீட்டுக்கு ரெண்டும் வாங்கு, எதையும் பெருசா வாங்காத.

ஹார்பர்லைன்:
அப்போ எம்ஆர்4 ஜோடியும் சோனி 7506உம்? க்ளோஸ்டு பேக்தானே அது, ஃபேன் சத்தம் கொஞ்சமாவது குறையுமா? சனிக்கிழமை எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு லேமிங்டன் ரோடு போய் கேட்டுப் பாத்து வாங்கலாம்னு நினைக்கிறேன். ஆன்லைன்லயே போட்டுடலாமா?

கோலிவாடா_பையன்:
க்ளோஸ்டுதான், கொஞ்சம் குறையும், ஐஇஎம் அளவுக்கு இல்ல. மேல் ஸ்தாயி கொஞ்சம் கூர்மையா இருக்கும் ப்ரோ, வயலின் சில ரெக்கார்டிங்ல காதைக் கிள்ளும், ஈக்யூல (ஈக்வலைசர்) 9 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ரெண்டு மூணு டெசிபல் இறக்கிக்கோ. சுருள் வயர் வேற, டெஸ்க்ல இருந்து காபி டம்ளரை இழுத்துட்டு வரும். இயர்பேட் மும்பை வேர்வையில உரிஞ்சிடும், அது எல்லா ரெக்சின் பேடுக்கும் அப்படித்தான்.

பழைய_ஆம்ப்:
லேமிங்டன் ரோடு போ, கிராண்ட் ரோடு ஸ்டேஷன்ல இறங்கி நடக்கிற தூரம்தான். ஆனா உனக்குத் தெரிஞ்ச பாட்டை மொபைல்ல இறக்கி எடுத்துட்டுப் போ, கடைக்காரன் போடுற டெமோ பாட்டு எந்த டப்பாவுலயும் நல்லாத்தான் கேக்கும். ரெண்டு ஜோடியை மாத்தி மாத்திக் கேக்கும்போது ரெண்டையும் ஒரே சத்தத்துல வைக்கச் சொல்லு. ஒரு டெசிபல் கூட இருந்தாலே அதுதான் நல்லா இருக்குன்னு காது சொல்லிடும், விக்க வேண்டியதை லேசா ஏத்தி வெக்கிற பழக்கம் கடைத்தெருவுக்குப் புதுசு இல்ல. பில்லும் இந்திய வாரண்டி கார்டும் இல்லாம ஆயிரம் ரூபா கம்மின்னு சொன்னா வாங்காத, ஆக்டிவ் ஸ்பீக்கர்ல ஆம்ப் போர்டு போச்சுன்னா ரெண்டு பெட்டியும் சேர்ந்து படுத்துடும்.

வீட்டுக்கு வந்து மாட்டினதும் உய்யுன்னு ஒரு ஹம் வந்தா பதறாத, லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாரு. நின்னுடுச்சுன்னா ஸ்பீக்கர்ல குறை இல்ல, எர்த் சுத்தி வர்ற இரைச்சல் அது. லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே ஸ்பைக் பஸ்டர்ல குத்து. அப்பவும் நிக்கலைன்னா பேலன்ஸ்டு அவுட் (வழியில சேர்ற இரைச்சலை ரத்து பண்ற இணைப்பு) இருக்கிற சின்ன யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் ஒண்ணு வாங்கி எம்ஆர்4 பின்னாடி இருக்கிற டிஆர்எஸ் ஓட்டைல குடுத்துடு, 7506ஐயும் அந்த இன்டர்ஃபேஸ்லயே சொருகிக்கலாம்.

மாட்டுங்கா_மாமி:
அம்மாவுக்கு மொபைல்ல இருந்து எப்படிப் போடறதுன்னும் சொல்லுங்கோ, எம்ஆர்4ல முன்பக்கமே ஆக்ஸ் ஓட்டை இருக்கு. ஆனா இப்போ வர்ற போன் நிறையதுல ஜாக்கே இல்லை, டைப் சி டாங்கிள் ஒண்ணும் சேர்த்து வாங்கிண்டு வா.

ஹார்பர்லைன்:
அம்மா போன் பழசு மாமி, ஜாக் இருக்கு 😄