பொருள்: 'கவரிங்' – காற்று மறியல் என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு,

பாய்மரப் படகுப் போட்டிச் சொற்பட்டியலில், முந்திப் போகிறவர் எதிரியைக் கட்டுப்படுத்தி வைக்கும் உத்தியான 'கவரிங்' (covering) என்பதற்கு 'மூடுதல்' என்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும். முன்னால் போகிற படகு எதையும் மூடுவதில்லை. பின்னால் வருகிறவனுக்கும் காற்றுக்கும் நடுவே புகுந்து, அவன் பாய்க்கு வர வேண்டிய காற்றைத் தன் பாயால் கெடுக்கிறது.

சென்னைத் துறைமுகத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்தவர் இதை வாயால் விளக்கவே இல்லை. காற்று வரும் பக்கமாகத் தன் படகைக் கொண்டுவந்தார். நான் விளிம்பில் உட்கார்ந்து உடம்பை வெளியே சாய்த்திருந்தேன். சட்டென்று, காற்றோட்டத்தைக் காட்டப் பாயில் ஒட்டியிருந்த கம்பளி நூல்கள் துவண்டன, பாயின் இழுப்பு போய்விட்டது, படகு என் பக்கமே சாய்ந்து முதுகு தண்ணீரில் பட்டது. "இப்ப என்ன செய்வே?" என்றார். மறுபக்கம் திருப்பினேன். அவரும் திருப்பினார். மறுபடி நூல் துவண்டது.

இது மறியல்தானே? சாலை மறியல், ரயில் மறியல் போலக் காற்று மறியல். படகை மறித்தால் விதி குறுக்கே வரும், காற்றை மறிக்கத் தடை இல்லை. அதுவும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

அப்புறம், அந்தக் கெட்ட காற்றுக்கு 'அழுக்குக் காற்று' வேண்டாம், புகைதான் நினைவுக்கு வரும். 'காற்று நிழல்' என்பதும் ஒட்டவில்லை, நிழல் நமக்கு இளைப்பாறுகிற இடம். ஆற்றுநீர் கலங்குவது போலத்தான் அது கலங்குகிறது: கலங்கல் காற்று.

---

> இது மறியல்தானே?

அண்ணா, சொல் பிடித்திருக்கிறது, ஆனால் பாதிக்குத்தான் பொருந்தும். காற்றோடு ஓடும் கட்டத்தில் பின்னால் வருபவர் பாய்தான் முன்னவரின் காற்றைக் கெடுக்கும், முன்னவரால் எதையும் மறிக்க முடியாது. இருந்தும் அவர் எதிரியை விட்டு விலகக் கூடாது என்பார்கள், அதுவும் கவரிங்தான். 1983 அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் படகுப் போட்டியின் ஏழாவது, கடைசிப் பந்தயத்தில் கைவிடப்பட்டது இதுதான். கிட்டத்தட்ட ஒரு நிமிடம் முந்தியிருந்த அமெரிக்கப் படகு லிபர்ட்டி, காற்றோடு ஓடும் ஐந்தாம் கட்டத்தில் எதிரிப் படகான ஆஸ்திரேலியா 2-ஐ விட்டுத் தனியே போனது, அங்கேயே பின்தங்கியது. கடைசிக் கட்டத்தில் லிபர்ட்டியின் தலைவர் டெனிஸ் கானர் 47 முறை படகைத் திருப்பியும், ஆஸ்திரேலியா 2-இன் தலைவர் ஜான் பெர்ட்ரண்ட் ஒட்டிக்கொண்டே வந்தார். 41 விநாடி வித்தியாசத்தில், 132 ஆண்டு அமெரிக்காவில் இருந்த கோப்பை போயிற்று. ஐந்தாம் கட்டத்தில் கானர் கைவிட்டது மறியலை அல்ல, காவலை. பொதுச்சொல்லாகக் 'காவல்' வைக்கலாமே?

---

தம்பி, சரி. மறிப்பதை மட்டுமே பார்த்திருக்கிறேன், தள்ளி நின்று எதிரிக்கும், அடுத்துச் சுற்ற வேண்டிய மிதவைக்கும் நடுவில் இருந்துகொள்வதை விட்டுவிட்டேன். பொதுச்சொல் காவல், நெருங்கிக் காற்றைக் கெடுப்பது காற்று மறியல், தள்ளி நின்று பார்த்துக்கொள்வது தளர்காவல். 'மூடுதல்' என்பதை இன்றே எடுத்துவிடுகிறேன். கலங்கல் காற்றுக்கு எதிர்ச்சொல்லாகத் 'தெளிகாற்று' போடலாமா, யாருக்காவது மறுப்பு உண்டா?