உலோக வால்வு, அசிட்ரோம் மாத்திரை: கீரை சாப்பிடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் (ஒழுங்கில்லாத இதயத் துடிப்பு) இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் போடுகிறவர் கீரையை அடியோடு விடணுமா? ஒருநாள் மாத்திரை மறந்தால் என்ன செய்வது?

பதில் 1: விட வேண்டாம். கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மட்டுப்படுத்தும். சாப்பிடும் கீரையின் அளவு வாரத்துக்கு வாரம் மாறாமல் இருந்தால், மருந்தை அதற்கேற்ப டாக்டர் சரிசெய்துவிடுவார். மாதக்கணக்கில் தொடாமல் இருந்துவிட்டு நாலு நாள் தொடர்ந்து முருங்கைக்கீரை சாப்பிட்டால்தான் சிக்கல், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) இறங்கிவிடும். மைட்ரல் உலோக வால்வுக்கு அது பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்கணும். குறைந்தால் வால்வில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம், கூடினால் ரத்தக்கசிவு.

பதில் 2: மறந்தது அன்றைக்கே நினைவுக்கு வந்தால் போடலாம். மறுநாள்தான் தெரிந்தது என்றால் அதை விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்காதீர்கள். வயிற்றில் ரத்தம் கசியும். மலம் கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரி.

பதில் 3: ஒன்று விட்டுப்போச்சு. ஐ.என்.ஆர். பரிசோதனை வேண்டாத, ரத்தம் உறையாமல் தடுக்கும் புது மாத்திரைகள் (டாபிகாட்ரான், அபிக்ஸபான்) உலோக வால்வுக்கு ஆகாது. டாபிகாட்ரானை வைத்து நடந்த ஆய்வில் உறைவும் கசிவும் கூடியதால் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். பல் பிடுங்கணும் என்றாலும் அசிட்ரோமை நீங்களாக நிறுத்தாதீர்கள்.