மறுமொழி: புல்லும் தீயும் ஒன்றையொன்று வளர்க்கும் நிகழ்வுக்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம். அயல் புல் தீயை வளர்க்க, தீ அந்தப் புல்லையே வளர்க்கும் நிகழ்வுக்கு நம் கலைச்சொல் தொகுப்பில் பெயர் தேடுகிறோம். அதுபற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> ‘தீச்சுழல்’ என்றே வைத்துவிடலாமே? சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் பெருந்தீயில் காற்று முறுக்கிக்கொண்டு தூணாக எழுகிறதே, அந்த நெருப்புச் சூறைக்குத் ‘தீச்சுழல்’ தேவைப்படுகிறது; படிப்பவர் மனத்தில் முதலில் எழுவதும் அதுதான். ‘தீச்சுழற்சி’ எனக்கு வேறு காரணத்தால் ஒவ்வவில்லை. நீர்ச் சுழற்சி, நைட்ரஜன் சுழற்சி எல்லாம் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்பவை. இங்கே நிலம் ஒவ்வொரு சுற்றிலும் பழைய நிலையிலிருந்து இன்னும் விலகிப் போகிறது.

சூழலியலாளர்கள் கார்லா டி’அன்டோனியோ, பீட்டர் விட்டோசெக் இருவரும் 1992இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே இந்தக் கருத்து பரவலானது. அயல் புல் ஒன்று நுழைந்து, காய்ந்து, எளிதில் பற்றிக்கொள்கிறது. தீ மரங்களையும் புதர்களையும் அழிக்க, வெறுமையான இடத்தில் அதே புல் முந்திக்கொண்டு அடர்கிறது. அடுத்த தீ இன்னும் சீக்கிரம் வருகிறது. மேற்கு அமெரிக்காவின் வறண்ட நிலப்பரப்பான கிரேட் பேசினில் சீட்கிராஸ் என்ற அயல் புல் செய்வது இதைத்தான். இலையுதிர்காலத்தில் முளைக்கும் இந்த ஓராண்டுப் புல், கோடை தொடங்கும்போதே சருகாகிவிடும். அங்குள்ள பெரிய சேஜ்பிரஷ் புதரோ எரிந்தால் அடியிலிருந்து துளிர்க்காது. விதையிலிருந்துதான் மீண்டும் வர வேண்டும். பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எரிந்துவந்த நிலம் பத்தாண்டுக்குள் மறுபடி எரிந்தால், அந்த விதை வளர்ந்து தலைமுறை காண அவகாசம் ஏது?

புல் தீக்கு ஊட்டுகிறது, தீ புல்லுக்கு ஊட்டுகிறது. அதனால் என் பரிந்துரை ‘புல்–தீ ஊட்டுவளையம்’. ‘பின்னூட்டம்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டதால் ‘ஊட்டு’ யாருக்கும் அந்நியமாகப் படாது.

> அயல் தாவரம் என்பது பெயரிலேயே தெரிய வேண்டாமா? ‘களைத்தீ’ பொருந்தாதா?

கொழுக்கட்டைப்புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் அது இயல்பாக வளரும் நல்ல தீவனப்புல். அங்கே அதைக் களை என்று சொல்ல முடியாது. அதே புல்தான் வட அமெரிக்காவின் சொனோராப் பாலைவனத்தை எரிக்கிறது. அங்கே செடிக்கும் செடிக்கும் நடுவே வெற்று மண் கிடந்ததால் தீ தாவிப் பரவ வழியில்லாமல் இருந்தது. இந்தப் புல் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டது. எரிந்தபின் புல் அடித்தூரிலிருந்து துளிர்த்துவிடும். நெடுங்காலம் நின்று வளரும் சகுவாரோக் கள்ளிக்குத் தீயைத் தாங்கிப் பழக்கமே கிடையாது. குற்றம் புல்லின் பிறவியில் இல்லை, அது போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கிறது. ஆகவே ‘களை’, ‘கேடு’ போன்ற தீர்ப்புச் சொற்கள் பெயரில் வேண்டாம். வரையறையில் ‘அயல்’ என்று சொன்னால் போதும்.

> புல் அல்லாத தாவரமாக இருந்தால்?

முதற்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். இந்தியக் காடுகளில் உண்ணிச்செடியும் தீயும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்று 2005இல் வந்த கருதுகோளை ‘உண்ணிச்செடி–தீ ஊட்டுவளையம்’ என்று எழுதலாம். ஆனால் அங்கே எச்சரிக்கை வேண்டும். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினர், தாங்கள் மரபாக வைத்துவந்த சருகுத்தீ தடைசெய்யப்பட்ட பிறகே உண்ணிச்செடி பெருகியது என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியென்றால், அந்தக் காட்டில் செடியை வளர்த்தது தீ அல்ல, தீ இல்லாமை. வளையம் உண்மையில் சுற்றுகிறது என்று காட்டிய இடத்தில் மட்டுமே இந்தப் பெயரைப் பயன்படுத்த வேண்டும் என்று குறிப்பிலேயே எழுதிவிடுவோம்.

> பதிவைக் ‘காட்டுத்தீ’ என்ற தலைப்பின்கீழ் சேர்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். பாலைவனமும் புல்வெளியும் காடு அல்ல. அதோடு, ‘காட்டுத்தீ’ என்றதுமே அழிவு என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பல புல்வெளிகள் தீ வராவிட்டால் மரமும் புதரும் ஏறி மூடிப்போகும். வட ஆஸ்திரேலியாவின் சவன்னாவும் (மரங்கள் சிதறி நிற்கும் புல்வெளி) காலங்காலமாக எரிந்து பழகிய நிலம்தான். நான்கு மீட்டர் வரை வளரும் காம்பா என்ற அயல் புல் வந்தபின், தாழ எரிந்த தீ மர உச்சிவரை எட்டுகிறது. தாங்கி நின்ற மரங்களே சாகின்றன. தீ அங்கே எப்போதும் இருந்தது, மாறியது அதன் பாங்கு. எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்தப் பருவத்தில், எவ்வளவு உக்கிரமாக, எவ்வளவு பரப்பில் எரிகிறது என்ற அனைத்தையும் சேர்த்துச் சொல்ல ‘தீப்பாங்கு’ என்பதை முன்மொழிகிறேன். ‘தீ ஆட்சி’ என்ற முந்தைய பரிந்துரையைக் கைவிடலாம். யாரோ ஆள்வது போன்ற பொருள் தருகிறது. புதிய பதிவு தீப்பாங்கின்கீழ் வரட்டும்.

இன்னொன்று பாக்கி. ‘எரிபொருள்’ என்றால் பெட்ரோல், டீசல்தான் நினைவுக்கு வருகிறது. நின்றபடியே காய்ந்த புல், சருகு, சுள்ளி மூன்றையும் அடக்க ‘எரிதழை’ என்று யோசித்தேன். சுள்ளி அதில் அடங்காது. தாவரவியல் படித்தவர்களும் வனத்துறையில் இருப்பவர்களும் களத்தில் வழங்கும் சொல் ஏதேனும் இருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.