மனச்சோர்வுக்கு அக்குபங்சர்: மூலக்கூறு அளவில் ஏதேனும் நடக்கிறதா?

தக்கலை வாசகர்:
என் அக்கா மனச்சோர்வுக்காக எஸ்சிட்டலோபிராம் மாத்திரை எடுத்துவருகிறார். மார்த்தாண்டத்தில் அக்குபங்சர் பார்க்கும் ஒருவர், மூளையின் ரசாயனத்தைத் தம் சிகிச்சையே சீராக்கிவிடும் என்றும், ஆகவே மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றும் சொல்கிறார். இதில் எவ்வளவு உண்மை என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நாகர்கோவில் உயிர்வேதியியல் ஆசிரியை:
ரசாயன மாற்றங்கள் நிகழ்கின்றன என்பதற்குச் சான்று உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து கிடைத்தது. கூண்டைச் சாய்ப்பது, படுக்கையை நனைப்பது, உணவை மறுப்பது எனப் பல தொல்லைகளை முறையின்றி மாற்றி மாற்றி வாரக்கணக்கில் கொடுத்து எலியைச் சோர்வுறச் செய்தபின், உச்சந்தலையிலும் புருவ நடுவிலும் ஊசி குத்தி, பல ஆய்வுகளில் அதன் வழியே மெல்லிய மின்னோட்டத்தையும் செலுத்துகிறார்கள். அப்போது, நரம்பணுக்களின் இணைப்புகளைப் பேணும் பி.டி.என்.எஃப். என்னும் புரதம் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் மீண்டும் கூடுவதும், அழற்சியைத் தூண்டும் ஐ.எல்.-1 பீட்டா, டி.என்.எஃப். ஆல்ஃபா ஆகிய புரதங்கள் குறைவதும், அட்ரினல் சுரப்பியின் மன அழுத்த ஹார்மோன் தணிவதும் பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளன.

காலில் குத்தும் ஊசி உடலுக்குள் எப்படிச் செய்தி அனுப்புகிறது என்பதற்கு, 2021இல் நேச்சர் இதழில் வந்த சுண்டெலி ஆய்வு ஓரளவு விடை தருகிறது. பின்னங்காலின் ஆழ்திசுக்களில் உள்ள குறிப்பிட்ட நரம்பிழைகளை மின்னூசி தூண்டும்போது, மூளையிலிருந்து உள்ளுறுப்புகளுக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக அட்ரினல் சுரப்பி இயங்கி அழற்சி அடங்குகிறது. அந்த இழைகள் இல்லாத வயிற்றுப் பகுதியில் அதே மென்மையான தூண்டல் பலிக்கவில்லை. இது அழற்சி பற்றிய ஆய்வே தவிர, மனச்சோர்வு பற்றியதன்று.

மனிதர்களிடம் நிலைமை இத்தனை தெளிவாக இல்லை. இங்கிலாந்தில் 755 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு அக்குபங்சரும் பெற்றவர்கள் மூன்று மாதங்களில் கூடுதலாகத் தேறினார்கள். உளவள ஆலோசனை பெற்றவர்களும் ஏறத்தாழ அதே அளவு தேறினார்கள். ஆய்வில் பங்கேற்றவர்களில் பலர் மாத்திரையும் எடுத்துவந்தவர்கள். 64 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டின் மதிப்பீடு ஒன்று (மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது), சான்றுகளின் தரம் குறைவு என்றே கூறியது.

குழித்துறை பிசியோதெரபிஸ்ட்:
அந்த மார்த்தாண்டத்துக்காரர் ஊசி குத்துகிறாரா, விரலால் தொடுகிறாரா? மேற்கண்ட ஆய்வுகள் ஊசியைத் திசுவுக்குள் செலுத்திச் செய்யப்பட்டவை. அவற்றின் முடிவுகளைத் தொடுசிகிச்சைக்குச் சான்றாகக் காட்டுவது சரியன்று. நம் ஊர் வர்மத்துக்கும் இதே பதில்தான்.

தக்கலை வாசகர்:
நாடி பார்த்துவிட்டு விரலால் தொடுவது மட்டும்தான், ஐயா. அக்கா நேற்று முதல் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்.

நாகர்கோவில் உயிர்வேதியியல் ஆசிரியை:
அப்படியானால் தாமதிக்க வேண்டாம். இம்மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், உறக்கக் கேடு, படபடப்பு ஆகியவை தோன்றலாம், சோர்வும் திரும்பலாம். மாத்திரை எழுதித் தந்த மருத்துவரையோ, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவையோ நாளையே அணுகுங்கள். இரவில் கவலையாக இருந்தால் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். ஊசி அக்குபங்சரை உடன் சேர்த்துக்கொள்ள அக்கா விரும்பினால், அதையும் அந்த மருத்துவரிடமே சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.