புதுப்பிப்பு: உப்புத் திட்டில் கருகிய கண்டல் கன்றுகள்

முத்துப்பேட்டைப் பக்கம் உப்புப் பூத்த களித்தரையில் நாங்கள் ஊர்க்குழுவாக நட்ட வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரக் கன்றுகள் கோடையில் கருகுகின்றன, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது மீன்முள் வாய்க்கால்தான். 1990களில் பிச்சாவரத்திலும் இங்கேயும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் செய்த அதே முறை. வெட்டப்பட்டு அழிந்த கண்டல் காட்டில் தரை உள்வாங்கிவிடுகிறது. ஏறிய நீர் வடியாமல் தேங்கி, வெயிலில் வற்ற வற்ற உப்பு கடுமையாகிறது. நம் கரையில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் தானாகக் கழுவிப் போகவும் வழியில்லை. வனத்துறை ஒப்புதலோடு ஓத நீர் வந்து போக ஒரு பெரிய வாய்க்காலும், மீன்முள் போல அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளை வாய்க்கால்களும் வெட்டினோம். கன்றுகளை வாய்க்காலின் மேட்டிலும் அடியிலும் இல்லாமல் கரைச் சரிவின் நடுவில் நட்டோம்.

இப்போது இலையின் அடியில் உப்புத் துகள் ஒட்டியிருக்கிறது, ஆனால் நுனி கருகவில்லை. சேற்றிலிருந்து மூச்சுவேர்கள் பென்சில் பருமனில் எழும்பியிருக்கின்றன.

எதிர்பாராத ஒன்று: ஓதத்தோடு மிதந்து வந்த விதைகள் நாங்கள் நடாத இடங்களிலும் முளைத்துவிட்டன. அப்புறம், உப்புத் தரையில் வளரும் உமரிச் செடியைக் களை என்று பிடுங்காதீர்கள். மிதந்து வரும் விதை அதில்தான் தங்குகிறது.

ஆடு மாடு மேய்ச்சல் இன்னும் தொல்லைதான். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் வாய்க்கால் முகத்தில் சேரும் வண்டலை அள்ளிவிடுங்கள், இல்லையென்றால் நீர் மறுபடி தேங்கிவிடும்.