ஸ்காங் குவாயின் செடார் தூண்களும் அவற்றைத் தந்த காடும்

கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஹைடா குவாய் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில், அத்தீவுகளின் பழங்குடியினரான ஹைடா மக்களின் ஸ்காங் குவாய் என்னும் பழைய ஊரின் செடார் மரத் தூண்களை நேரில் காணும் பேறு எனக்குக் கிடைத்தது. 1981 முதல் உலக மரபுச் சின்னமாக இருக்கும் அவ்விடத்தில் நிற்பவற்றுள் பெரும்பாலானவை ஈமத் தூண்கள். இறந்த பெரியோரின் உடல் வைத்த பேழையை அவற்றின் உச்சியில் குடைந்த குழியில் இருத்துவது வழக்கம். பாசி படர்ந்து, வெடிப்புகளில் செடிகள் முளைத்து, பல தூண்கள் சாய்ந்திருந்தன. 1957இல் சில தூண்கள் அருங்காட்சியகங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன என்றும், எஞ்சியவை மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்பதே தங்கள் மரபு என்றும் அங்கிருந்த ஹைடா காவலர் விளக்கினார். முதலில் என் மனம் அதை ஏற்க மறுத்தது. இவ்வளவு அரிய செதுக்கு வேலையை மழையில் விடலாமா?

விடை காட்டுக்குள் கிடைத்தது. வேறொரு தீவில், உயிரோடு நிற்கும் முதிர்ந்த செடார் ஒன்றின் அடிமரத்தில் சதுரமான துளையைக் கண்டேன். மரத்தின் உள்ளே உளுத்திருக்கிறதா என்று அறிய அக்காலச் செதுக்குநர்கள் அவ்வாறு துளையிட்டுப் பார்ப்பார்களாம். தகுதியில்லை என்றால் வெட்டாமல் விட்டுவிடுவார்கள். பட்டை உரிப்பதிலும் இதே நிதானம் உண்டு. ஒரு பக்கத்தில் மட்டும் நீளமாக உரித்தால் மரம் தொடர்ந்து வளரும். வாய்ச்சியைக் கையில் எடுப்பதற்கு வெகு முன்பே, எந்த மரத்தைத் தொடலாம் என்ற தேர்விலேயே அவர்களுடைய கலை தொடங்கிவிடுகிறது என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

தூணுக்கு ஏற்ற, கணுக் குறைந்த நேரான செடார் உருவாகப் பல நூற்றாண்டுகள் தேவை. ஆகையால் பழங்காட்டை வெட்டி அழித்தால் இக்கலையும் உடன் அழியும். 1985இல் அதே தீவுக்கூட்டத்தில் உள்ள லயல் தீவில் மரம் வெட்டுவதைத் தடுக்க ஹைடா மக்கள் சாலையை மறித்து நின்றபோது, முதியோரும் கைதாகினர். அப்போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1993இல் கனடா அரசும் ஹைடா மக்களும் அப்பகுதியைச் சேர்ந்து நிர்வகிக்க உடன்பட்டனர். அந்த உடன்பாட்டின் 20ஆம் ஆண்டில், 2013இல், அதே லயல் தீவில் புதிய தூண் ஒன்று எழுப்பப்பட்டது. மறியலில் நின்றவர்களைக் குறிக்கும் ஐந்து மனித உருவங்கள் அதில் உள்ளன.

அங்கே செல்ல விரும்பும் நண்பர்கள் தூண்களை மட்டும் பார்த்துத் திரும்பிவிட வேண்டாம். துளையிட்ட மரங்களையும் பட்டை உரித்த தழும்புள்ள மரங்களையும் காட்டுமாறு வழிகாட்டியிடம் கேளுங்கள்.